மேம்பாலம் கேட்கும் முன் கணக்கைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போக்குவரத்து நெரிசல் பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வராத வாரமே இல்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் எல்லாச் செய்தியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது: ஒரு சந்திப்பின் படம், அதில் நகராமல் நிற்கும் வண்டிகள், கீழே ‘வாகன ஓட்டிகள் அவதி’ என்று ஒரு வரி, கடைசியில் மேம்பாலம் கட்டவோ சாலையை அகலப்படுத்தவோ பொதுமக்கள் கோரிக்கை. அடுத்த வாரம் வேறு சந்திப்பு, அதே வரிகள். மாவட்டம் முழுக்க இப்படி ஒவ்வொரு இடமாகப் படம் பிடித்துக்கொண்டே போனால், எல்லா இடத்திலும் ஆளுக்கொரு மேம்பாலம் கட்டினால்தான் தீரும் போலிருக்கிறது என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அந்த எண்ணம் தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒன்றன் பின் ஒன்றாக ஓடும் கார்களுக்கு இடையே சுமார் இரண்டு விநாடி இடைவெளி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 3600 விநாடி, ஆகவே தடையில்லாமல் ஓடும் ஒரு லேனில் மணிக்கு 1800 கார் போகலாம். நல்ல விரைவுச்சாலையில் இதற்கு மேலும் போகும். அதே லேன் ஒரு சிக்னலில் வந்து முடிகிறது, அந்த சிக்னல் பாதி நேரம்தான் பச்சை என்றால் கணக்கு உடனே 900 ஆகிவிடும். திரும்பும் வண்டிகள், சாலையோரம் நிறுத்திய வண்டி, சாலையைக் கடக்கும் ஆட்கள், ஆளை ஏற்றி இறக்க நிற்கும் பேருந்து எல்லாவற்றையும் கழித்தால் இன்னும் குறையும். அதை விடுங்கள், 900 என்றே இருக்கட்டும்.

இந்த 900 வண்டி போகக்கூடிய இடத்துக்குக் காலையில் ஒரு மணி நேரத்தில் 1000 வண்டி வருகிறது. மணி முடியும்போது 100 வண்டி மிச்சம் நிற்கும். ஒரு காருக்கு இடைவெளியோடு சேர்த்து ஏழு மீட்டர் என்றால் 700 மீட்டர் வரிசை. கடைசியில் நிற்பவர் சிக்னலைத் தாண்ட ஆறேழு நிமிடம் கூடுதலாக ஆகும். சரி, அடுத்த மணியில் கூட்டம் குறைந்து 800 வண்டிதான் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், பழைய வரிசை முழுதாகக் கரைய அந்த ஒரு மணி நேரமும் தேவைப்படும். பள்ளி, அலுவலகக் கூட்டமெல்லாம் அடங்கின பிறகும் ஏன் வண்டி நிற்கிறது என்று அலுத்துக்கொள்கிறோமே, அது இப்போது வந்தவர்களால் அல்ல, முந்தின மணியில் வந்த கூடுதல் 100 வண்டியால்.

அந்த 700 மீட்டர் வரிசை அதோடு நிற்பதும் இல்லை. பின்னால் இருக்கிற சந்திப்பு வரை நீண்டு, அங்கே வேறு பக்கம் திரும்ப வேண்டியவர்களின் வழியையும் மறித்துவிடும். அவர்களுக்கும் இந்த சிக்னலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் நிற்கிறார்கள். உங்கள் நிருபர் படம் எடுப்பது பெரும்பாலும் இந்தப் பின்னால் இருக்கிற சந்திப்பைத்தான், ஏனென்றால் பார்க்க அதுதான் பயங்கரமாக இருக்கும். கோரிக்கையும் அங்கேதான் எழும். அங்கே ஒரு மேம்பாலம் கட்டினால் என்ன ஆகும்? வண்டிகள் இன்னும் வேகமாக வந்து முன்னால் இருக்கிற அதே சிக்னலில் நிற்கும், வரிசையின் வால் மேம்பாலத்தின் மேல் ஏறும்.

நான் இதில் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. வந்தது 1000, போக முடிந்தது 900. பத்தில் ஒன்றுதான் கூடுதல். அந்தப் பத்தில் ஒரு பங்கு வேறு நேரத்தில் வந்திருந்தால், அல்லது வேறு வண்டியில் வந்திருந்தால், அந்த 700 மீட்டர் வரிசையே இருந்திருக்காது. ஒவ்வொரு பச்சைக்கும் நாலைந்து வண்டி கூடக்குறைய நின்று போகும், அவ்வளவுதான். பள்ளி விடுமுறை நாட்களில் சாலை திடீரென்று காலியான மாதிரி எல்லோருக்கும் தோன்றும், ஆனால் வண்டிகள் பாதியாகக் குறைந்துவிடுவதில்லை. விளிம்பில் இருந்த அந்தக் கொஞ்சம் மட்டும் வரவில்லை. நெரிசல் என்பது மொத்த வண்டிகளைப் பற்றிய பிரச்சினை என்பதை விட அந்தக் கடைசிக் கொஞ்சத்தைப் பற்றிய பிரச்சினை. அது யார், எங்கிருந்து எங்கே போகிறது, ஏன் அந்த நேரத்தில் போகிறது என்று தெரியாமல் செய்யும் எந்தச் செலவும் குத்துமதிப்புதான்.

சாலையை அகலப்படுத்தினால் அந்தக் கொஞ்சமும் அடங்கிவிடாதா என்று கேட்பீர்கள். இரண்டு சிக்கல். ஒன்று, அகலப்படுத்துவது பெரும்பாலும் இரண்டு சந்திப்புக்கு நடுவில்தான், ஏனென்றால் அங்கேதான் இடம் கிடைக்கும். சந்திப்பில் கட்டடங்கள் நெருக்கி நிற்கும், நிலம் எடுப்பது கஷ்டம், வழக்கு வரும். ஆக, நடுவில் நான்கு லேன், சந்திப்பில் பழையபடி இரண்டு. குடத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வாய் அதே அளவுதான் என்றால் தண்ணீர் அதே வேகத்தில்தான் வரும். காத்திருக்க இடம் கூடியிருக்கிறது, கடந்துபோக வழி கூடவில்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது, பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததும்கூட. 1962-லேயே ஆண்டனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், பெருநகர விரைவுச்சாலைகளில் உச்ச நேர நெரிசல் எப்போதும் சாலையின் கொள்ளளவை எட்டிப் பிடித்துவிடும் என்று எழுதினார். புதுசாக இடம் கிடைத்ததும் மூன்று கூட்டம் அங்கே வந்து சேர்கிறது: கூட்டத்துக்குப் பயந்து முன்கூட்டியோ தாமதமாகவோ கிளம்பிக்கொண்டிருந்தவர்கள், வேறு வழியில் சுற்றிப் போனவர்கள், பேருந்திலும் ரயிலிலும் போனவர்கள். அதற்கப்புறம் நாலைந்து வருடத்தில் சாலை நன்றாக இருக்கிறதே என்று ஊருக்கு வெளியே வீடு கட்டுபவர்கள் வேறு. டுரான்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க நகரப் பகுதிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பெரிய நெடுஞ்சாலைகளில் லேன் நீளம் எவ்வளவு சதவீதம் கூடியதோ, வண்டிகள் ஓடிய தூரமும் ஏறக்குறைய அதே சதவீதம் கூடியிருந்தது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து கேட்டி ஃப்ரீவே என்ற விரைவுச்சாலைதான் இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். ஏறத்தாழ 280 கோடி டாலர் செலவில் அகலப்படுத்தி 2008-ல் முடித்தார்கள், ஓரச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 லேன். 2011-க்கும் 2014-க்கும் இடையில் அதில் மாலையில் ஆகும் பயண நேரம் பாதிக்கும் மேல் கூடிப்போனது. 26 லேன்! நம் மாவட்டங்களில் நான்கை ஆறாக்குவதற்கே எத்தனை மரம், எத்தனை வீடு போகிறது என்பதை உங்கள் செய்திகளே சொல்கின்றன.

சாலையே போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அகலமான சாலையில் நிறைய பேர் நிறைய இடங்களுக்குப் போக முடிகிறது, அதுவும் ஒரு பயன்தான். சந்திப்பில் திரும்பும் வண்டிகளுக்கென்று 50 மீட்டருக்கு ஒரு தனி லேன், குறுகலான பழைய பாலத்துக்குப் பதில் புதுப் பாலம், இதெல்லாம் உண்மையில் அடைப்பை எடுக்கும். ஆனால் பல கிலோமீட்டர் அகலப்படுத்தலை ‘நெரிசலுக்கு நிரந்தரத் தீர்வு’ என்று யாராவது மேடையில் சொன்னால் அதை அப்படியே தலைப்பாக்காதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு மாவட்டத்தின் சாலைகளில் வண்டி ஓடுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, வெளியில் இருந்து பார்த்தால் குழப்பமாகத் தெரிந்தாலும். காலையில் ஊரை நோக்கி, மாலையில் ஊரை விட்டு. ஒரு திசை நிரம்பி வழியும்போது எதிர்த்திசையில் பாதி காலி. காலை உச்சம் கூர்மையாக இருக்கும், ஏனென்றால் பள்ளியும் அலுவலகமும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. மாலையில் பள்ளி முன்னதாக விடும், வேலை முடிபவர் சிலர் கடைக்குப் போவார், சிலர் யாரையாவது பார்க்கப் போவார், அதனால் மாலைக் கூட்டம் பரவலாக, நீளமாக இருக்கும். தொழிற்சாலைப் பகுதி என்றால் ஷிப்ட் மாறும் நேரத்தில் தனியாக ஒரு அலை வரும், அதற்கும் அலுவலக நேரத்துக்கும் சம்பந்தமில்லை. வார இறுதிக்கு முந்தின மாலை வெளியூர்ச் சாலைகள் நிரம்பும், விடுமுறை முடிகிற இரவு எதிர்ப்பக்கம் நிரம்பும். ஒரு நாளின் மொத்த வண்டிகளில் சுமார் 8 முதல் 12 சதவீதம் அந்த ஒரே உச்ச மணியில் ஓடும் என்பது சாலைப் பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அளவு. அதனால் ‘தினமும் 40 ஆயிரம் வாகனங்கள் செல்லும் சாலை’ என்று எழுதினால் அது பெரிதாகத் தெரியும், ஆனால் ஒன்றும் சொல்லாது. எந்த மணியில், எந்தத் திசையில், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் எண்ணுவது புதிய வித்தையும் இல்லை. சாலையின் குறுக்கே ரப்பர் குழாய் போட்டு எண்ணுவது, தாருக்கு அடியில் கம்பிச் சுருள் புதைப்பது, கேமரா, சந்திப்பில் ஆளை உட்காரவைத்துக் கோடு போடச் சொல்வது என்று எத்தனையோ வழி. இதற்கும் மேலாக ஒன்று உண்டு, வண்டியை நிறுத்தி எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எடுக்கும் கணக்கெடுப்பு. புறவழிச்சாலை வேண்டுமா வேண்டாமா என்பதை இது இல்லாமல் சொல்லவே முடியாது. ஊருக்குள் நிற்கும் வண்டிகளில் பெரும்பகுதி ஊரைக் கடந்து போகிறவை என்றால் புறவழிச்சாலை உதவும். ஊருக்குள்ளேயே வேலை இருப்பவை என்றால், பைபாஸ் போட்டாலும் அவை ஊருக்குள் வந்துதான் ஆக வேண்டும். போதாததற்கு, பைபாஸின் இரு பக்கமும் கடையும் குடியிருப்பும் வந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் திறந்து, அங்கே ஒரு சிக்னலும் வைத்துவிட்டால் இன்னொரு பைபாஸ் கேட்க வேண்டியதுதான். கேட்கிறார்களும்கூட.

கைப்பேசி வரைபடம் இருக்கிறதே, அதில் சிவப்பாகக் காட்டுகிறதே என்று சிலர் சொல்கிறார்கள். அது காட்டுவது வேகத்தை மட்டும். அந்தச் சிவப்புக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள், எங்கே போகிறார்கள், பேருந்து எத்தனை, ஒற்றை ஆள் கார் எத்தனை என்று அது காட்டாது. தவிர, எல்லோரையும் ஒரே குறுக்குத் தெருவுக்குத் திருப்பிவிட்டு அங்கேயும் ஒரு நெரிசலை உண்டாக்கும் வேலையையும் அது செய்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு வேகமான வழியைத் தேர்ந்தெடுத்தால் எல்லோருக்கும் நேரம் கூடலாம், புதிதாக ஒரு சாலையைச் சேர்த்தால்கூட அப்படி ஆகலாம் என்று பிரேஸ் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் 1968-லேயே நிரூபித்துவிட்டார்.

இன்னொரு விஷயம், நெரிசலுக்கு எப்போதும் ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானில் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள், 2008-ல் வெளியான ஆய்வு. சந்திப்பு இல்லை, சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை. சிறிது நேரத்தில் யாரோ ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, சில கார்கள் முழுதாக நின்றே விட்டன. அந்த நின்ற கூட்டம் வண்டிகள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. நெடுஞ்சாலையில் காரணமே இல்லாமல் நின்று, காரணமே இல்லாமல் கிளம்புகிறோமே, அது இதுதான். லண்டனைச் சுற்றும் எம்25 சாலையின் ஒரு பகுதியில் 1995-லேயே கூட்டத்துக்கு ஏற்ப வேக வரம்பைக் குறைத்துக் காட்டும் பலகைகளை வைத்தது, இப்படி நின்று நின்று போவதைத் தவிர்க்கத்தான். வேகமாகப் போக மெதுவாகப் போ என்றால் நம் ஆட்கள் சிரிப்பார்கள், அது வேறு.

அந்தப் பத்தில் ஒன்றைக் குறைக்க வழி உண்டா? உண்டு, அதுவும் மேம்பாலத்தை விட மலிவாக. பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 1800 கார் போகும் லேனில், ஒரு காருக்கு ஒன்றரை ஆள் என்று தாராளமாகவே வைத்தாலும் 2700 பேர்தான். அதே லேனில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஒன்றில் 50 பேர் என்றால் மணிக்கு 3000 பேர், லேன் பெரும்பாலும் காலியாகவே தெரியும். காலியாகத் தெரிவதுதான் அதற்கு எதிரி, ‘இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள்’ என்று உடனே உங்களுக்குக் கடிதம் வரும். சாலையில் வண்டியை எண்ணாமல் ஆளை எண்ணினால் இந்தச் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

அடுத்தடுத்த சிக்னல்களை இணைத்து ஒரு பச்சையில் கிளம்பிய கூட்டம் அடுத்ததிலும் பச்சையைப் பார்க்கும்படி நேரம் வைப்பது இன்னொன்று. பல ஊர்களில் சிக்னல் நேரத்தை என்றோ ஒருநாள் வைத்ததோடு சரி, காலைக்கும் நள்ளிரவுக்கும் ஒரே கணக்கு. பக்கத்து பக்கத்துப் பள்ளிகள் அரைமணி நேரம் தள்ளித் திறப்பது, ஷிப்ட் மாறும் நேரத்தைக் கொஞ்சம் நகர்த்துவது, சரக்கு லாரிகளை உச்ச நேரத்துக்கு வெளியே வரச் சொல்வது, இதற்கெல்லாம் சிமெண்ட் தேவையில்லை, நாலு துறைகள் ஒரு மேசையில் உட்கார வேண்டும். அதுதான் கஷ்டம் என்பதும் தெரியும்.

கட்டணம் என்ற பேச்சை எடுத்தாலே எல்லோரும் எழுந்துவிடுவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். சிங்கப்பூர் 1975-லேயே நகர மையத்துக்குள் உச்ச நேரத்தில் வரும் கார்களிடம் காசு வாங்கத் தொடங்கியது, லண்டன் 2003-ல். ஸ்டாக்ஹோம் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது: 2006 ஜனவரியில் தொடங்கி ஜூலை வரை சோதனையாக வசூலித்துப் பார்த்தார்கள். கட்டண எல்லையைத் தாண்டி வந்துபோகும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று குறைந்தன. ஆரம்பத்தில் மக்களில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். சோதனை முடிந்த பிறகு செப்டம்பரில் நகரத்தில் வாக்கெடுப்பு நடத்தினால் ஆதரவு ஓட்டு அதிகம். 2007-ல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். இது எல்லா மாவட்டத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், நல்ல பேருந்து இல்லாத இடத்தில் காசு மட்டும் வாங்கினால் அது வழிப்பறிதான். ஆனால் முதலில் செய்து காட்டி, கணக்கை வெளியே வைத்து, அப்புறம் மக்களைக் கேட்ட அந்த வரிசை நம்மிடம் தலைகீழாக இருக்கிறது. நாம் அடிக்கல் நாட்டுகிறோம், கணக்கைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

இங்கேதான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு சந்திப்பின் நெரிசல் படம் போடும்போது, அதன் பக்கத்திலேயே ஒரு சின்ன அட்டவணை போடுங்கள்: அந்த இடத்தில் மணிவாரியாக எத்தனை வண்டி, எத்தனை ஆள், எந்தத் திசை, பச்சை எத்தனை விநாடி. அதிகாரிகளிடம் இந்தக் கணக்கு இருக்கிறதா என்று உங்கள் நிருபர் கேட்கட்டும். இருந்தால் கடைசியாக எப்போது எண்ணியது, பள்ளி நடக்கும் நாளிலா பள்ளி விடுமுறையிலா என்றும் கேட்கட்டும். இல்லை என்றால் இல்லை என்றே அச்சில் போடுங்கள், அதுவே நல்ல செய்திதான். மேம்பாலமோ அகலப்படுத்தலோ திறந்துவைக்கும் நாளில் அமைச்சர் படத்தோடு நிறுத்தாமல், ஒரு வருடம் கழித்து, மூன்று வருடம் கழித்து அதே இடத்துக்கு அதே மணியில் ஆளை அனுப்பி, பயண நேரம் என்ன ஆனது என்று எழுதுங்கள். ஒரே ஒரு சாலைக்காவது அப்படி விடாமல் தொடர்ந்து எழுதினால், மாவட்டத்தின் மற்ற சாலைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கையில் காகிதத்தோடு வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்